யாருடைய பிள்ளைகள்? மதனப்பள்ளிச் சகோதரர்களும் ஒரு பழைய வழக்கும்

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. பதினைந்து வயதில் இண்டர்மீடியட் படிப்பதற்காக என்னைத் திருப்பதியில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் முதல் மாதம் முழுக்க ராத்திரி போர்வைக்குள் அழுதிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முறுக்குப் பொட்டலத்தோடு வரும் அப்பா, "எல்லாம் உன் நன்மைக்குத்தாண்டா" என்பார். மனசுக்கு எப்படியிருக்கு என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்று என் மகளுக்கு அதே வயது. அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் வெளியே நின்று அப்பா சொன்னதையே சொல்கிறேன்! மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, எங்கள் பக்கத்து வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

மதனப்பள்ளி 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது கடப்பையிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூரை விட்டுப் போயிற்று. வருவாய்த் துறை அலுவலர் ஜிட்டு நாராயணய்யாவின் எட்டாவது பிள்ளையாக 1895-இல் அங்கே பிறந்தவர்தான், பின்னாளில் உலகமறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. தம்பி நித்யானந்தம் மூன்று வயது இளையவர். 1904-இல் மூத்த அக்கா இறந்தாள். அடுத்த ஆண்டே தாய் சஞ்சீவம்மாவும் போய்விட்டார். கிருஷ்ணாவுக்கு அப்போது பத்து வயது. பதினெட்டு வயதில் அவர் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதத் தொடங்கியபோது, பால்யத்தில் மகிழ்ச்சியானதாக நினைவில் நின்றது அம்மாவைச் சுற்றியே இருந்தது.

ஓய்வுபெற்ற தந்தை பிள்ளைகளோடு 1909 ஜனவரியில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வேலைக்கு வந்தார். வளாகத்துக்கு வெளியே ஓர் இடிந்த வீடு. பையன்கள் மயிலாப்பூருக்கு நடந்து போய்ப் படித்தார்கள். கிருஷ்ணா வகுப்பில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்; வாத்தியார் அடிப்பார். வெளியே நிறுத்தினால், தம்பி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் வரை அங்கேயே நிற்பானாம். மந்தபுத்தி என்று முடிவுகட்டினார்கள். தாயை இழந்த பிள்ளை என்று எத்தனை பேர் நினைத்தார்களோ!

அதே ஆண்டு, சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் அடையாற்றுக் கடற்கரையில் அவனைப் பார்த்து, உலக குருவாக வரப்போகிறவன் என்றார். அன்னி பெசன்ட் சகோதரர்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உங்களை அம்மா என்று அழைத்து எழுதலாமா என்று பையன் அந்த டிசம்பரிலேயே அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டான். சஞ்சீவம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இந்த வழக்கின் எல்லாத் தஸ்தாவேஜுகளையும்விட இந்த ஒரு கேள்விதான் பெரிது.

1910 மார்ச்சில் நாராயணய்யா காப்பாளர் உரிமையை எழுதிக் கொடுத்தார். பிறகு மனம் மாறியது. லெட்பீட்டர் நடத்தையில் அவருக்குச் சந்தேகம். பையன்களோ இங்கிலாந்தில். 1912-இல் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. தந்தை பக்கம் சி. பி. ராமசாமி ஐயர். அன்னி பெசன்ட் தாமே வாதாடினார். லெட்பீட்டர் மீதான நேரடிக் குற்றச்சாட்டை நீதிபதி பேக்வெல் நம்பவில்லை. ஆனாலும் 1913 ஏப்ரலில் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னார். அப்பீலிலும் தந்தைக்கே வெற்றி.

லண்டன் பிரிவி கவுன்சில் 1914 மே மாதம் இதைத் தலைகீழாக்கியது. பிள்ளைகள் செங்கல்பட்டு ஜில்லாவில் வசிக்கவில்லை, ஆகவே அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்பது ஒரு காரணம். சட்டக்காரர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். தந்தையின் காப்புரிமை ஒரு புனிதப் பொறுப்பு, பிள்ளைகளின் நலனுக்குத் தேவையென்றால் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. அதாவது தந்தையை அது ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் பதினெட்டும் பதினைந்தும் ஆன அந்தப் பையன்கள் வழக்கில் சேர்க்கப்படவில்லை, அவர்கள் விருப்பம் என்ன என்று அறியும் முயற்சியே நடக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. இத்தனைக்கும், விவரம் தெரிந்த மைனரின் விருப்பத்தைக் கோர்ட் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே இருந்தது. புத்தகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

நாராயணய்யாவை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. மனைவியை இழந்தவர், பாதிப் பென்ஷன், பெரியவர்கள் கேட்டார்கள், கொடுத்தார். பெசன்ட் அம்மையார் பாசமும் பொய்யல்ல. இரு தரப்புக்கும் நடுவே பையனுக்கு மிஞ்சிய குடும்பம் தம்பி ஒருவன்தான். இங்கிலாந்தில் தேர்வுக்குத் தேர்வு அண்ணன் தோற்றார், தம்பி தேறினார். அதனால் அவர்கள் பிரிந்துவிடவில்லை. 1921 கடைசியில் இந்தியா திரும்பியதும் இருவரும் சேர்ந்தே போய்த் தந்தையைப் பார்த்தார்கள். அந்தச் சந்திப்பைப் பற்றி ஒருவர் சொல்வதுபோல் இன்னொருவர் சொல்வதில்லை. 1924-இல் தந்தை காலமானார். 1925 நவம்பரில் கலிபோர்னியாவின் ஓஹாயில் நித்யா காசநோயால் இறந்தபோது அண்ணன் இந்தியாவுக்கு வரும் கப்பலில் இருந்தார். நான்கே வருடத்தில், உலக குருவுக்காக அமைத்த சங்கத்தை அவரே கலைத்தார்.

மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர் தொடங்கிய ரிஷிவேலி இன்றும் உறைவிடப் பள்ளிதான். ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, மகளை அங்கே சேர்க்கலாமா என்று மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்து அறையிலிருந்து வந்து, "என்னைக் கேட்டீங்களாப்பா?" என்றாள்.