நேரலை வலைப்பக்கம்

நேரலை வலைப்பக்கம் என்பது, வழங்கி எனப்படும் சர்வரிலேயே உருவாகி, தகவல் மாறும்போதெல்லாம் மாறிய பகுதியை மட்டும் பயனரின் உலாவிக்கு உடனுக்குடன் அனுப்பும் வலைச்செயலி வகை. முதலில் முழுப் பக்கமும் எச்.டி.எம்.எல். வடிவில் வருகிறது. அதன்பின் 2011இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் நெறிமுறையில் இருவழி இணைப்பு திறந்தே இருக்கும். பயனரின் சொடுக்கு வழங்கிக்குச் செல்ல, வேறுபாடு மட்டும் திரும்புகிறது. பக்கத்தின் நிலை வழங்கியில் இருப்பதால் உலாவிக்கெனத் தனி நிரல் பெரும்பாலும் தேவையில்லை. சிறு நிரலாளர் குழுக்களுக்கு இதுவே பெரும் வரம்.

இவ்வகையில் முன்னோடி, கிறிஸ் மெக்கார்ட் 2018இல் அறிவித்த பீனிக்ஸ் லைவ்வியூ. இது எலிக்சிர் மொழியில் அமைந்தது. எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980களில் உருவாக்கிய எர்லாங் மொழியே எலிக்சிரின் அடித்தளம். லைவ்வியூவுக்கு அடிப்படையான பீனிக்ஸ் என்னும் வலைச்சட்டகம், 2015இலேயே ஒரே வழங்கியில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. லைவ்வியூவின் 1.0 பதிப்பு 2024 டிசம்பரில் வெளியானது.

எடுத்துக்காட்டாக, தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவிலூருக்கு இதன் பயன் தெளிவு: ஆற்றின் மேற்பகுதியில் சாத்தனூர் அணை திறக்கும் நீரின் அளவைக் காட்டும் பக்கம், பார்ப்பவர் புதுப்பிக்காமலே மாற வேண்டும். குறையும் உண்டு. அதே மாவட்டத்தின் கல்வராயன் மலைப் பகுதியில் அலைபேசி இணைப்பு அறுந்தால், அது மீளும்வரை பக்கம் உறைந்து நிற்கும்.