தோட்டப் பள்ளியும் இளம் எழுத்தாளரும்

கேகாலை மாவட்டத்து அரநாயக்கவை உள்ளிட்ட சப்பிரகமுவ மலைச்சாரல்களில் தேயிலைக்கும் இறப்பருக்குமாகத் தோட்டங்கள் எழுந்தபொழுது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்மொடு கொணர்ந்த இலக்கியம் ஏட்டில் இருக்கவில்லை, நாவில் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் காமன் கூத்துப் பாடலுமே அவர்தம் செல்வம். அக்குடும்பங்களின் பிள்ளைகள் எழுதுகோல் பற்றிய வரலாறு ஆராயத்தக்கது.

1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மேற் சுமத்தியது. 1920இல் வந்த சட்டம் அதனை மீண்டும் வலியுறுத்திற்று. சட்டம் வேறு, நடப்பு வேறு. பெரும்பாலான தோட்டங்களிற் பள்ளி என்பது ஓர் அறையே. எல்லா வகுப்புகளுக்கும் ஆசிரியர் ஒருவரே. அவர்க்குச் சம்பளம் அளிப்பவரும் துரையே. எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கூட்டல் கழித்தல் செய்யவும் பழகியதும் பிள்ளை வேலைக்குச் சென்றுவிடும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் பயனை முழுதும் அடைந்தில. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1977 முதலே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இந்நிலையில் கட்டுரைப் பயிற்சிக்கு இடம் அரிதாயிற்று. இடம் வாய்த்த வகுப்பிலும் இடரொன்று இருந்தது. பாடநூலின் தமிழ் பிள்ளையின் தமிழன்று. லயம், பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, பால்வெட்டு முதலிய சொற்களாலேயே அப்பிள்ளையின் நாள் விடிந்து அடைந்தது. அவற்றை எழுதிய தாளிற் சிவப்பு மையால் அடிப்பதா, விடுவதா? அடித்த ஆசிரியரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் அச்சொற்கள் தேர்விற் புள்ளி பெற்றுத் தரமாட்டா என்பதையும், மேற்படிப்பு ஒன்றே அப்பிள்ளை லயத்தினின்று வெளியேறும் வழி என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

உருசிய நாட்டு அறிஞர் தோல்ஸ்தோய் 1859இல் தம் யாஸ்னயா பொல்யானா பண்ணையிற் குடியானவப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பழமொழியொன்றைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னபோது சிறுவர் கூறியவை தம் எழுத்தினும் உயிருடையனவாக இருக்கக்கண்டு வியந்து, 1862இல் அதைப்பற்றிக் கட்டுரையும் வரைந்தார். அங்கே நிலக்கிழாரே ஆசிரியர், தடுப்பார் இல்லை. இலங்கைத் தோட்டத்து ஆசிரியரோ நிலமுடையாரின் ஊழியர்.

எனினும் அவ்வூழியருள்ளிருந்தே எழுத்தாளர் தோன்றினர். பதுளைப் பகுதியிலுள்ள தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்த ஜோசப், அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் வைத்துக்கொண்டு ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவலை 1974இல் வெளியிட்டார். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும், ‘உரிமை எங்கே?’ என்ற சிறுகதையால் அறியப்பெற்ற திருச்செந்தூரனும் கற்பித்த காலத்தில், 1960களில், மாணவர் பலர் எழுத்தார்வம் கொண்டனர். எழுதும் ஆசிரியர் முன் எழுதக் கூசாமை இயல்பன்றோ.

வகுப்பறை மட்டும் போதியதாயிற்று என்றல் பொருந்தாது. ஆசிரியர் ஒருவரே வாசிக்கும் கட்டுரை அடுத்த தவணையில் மறக்கப்படும். வீரகேசரியின் ‘தோட்ட மஞ்சரி’ப் பகுதியும், எஸ். எம். கார்மேகம் போன்றோர் முயற்சியால் நடந்த சிறுகதைப் போட்டிகளும் அவ்வெழுத்துக்கு வாசகரைத் தேடித் தந்தன. பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என நூலாயின. முன்பு அடிக்கப்பட்ட தோட்டச் சொற்கள் அவ்வாறு அச்சேறின.

இம்மறுமலர்ச்சியின் நடுவிடங்கள் ஹட்டனும் பதுளையும் போன்ற நகர்களே. சிங்களக் கிராமங்களிடையே சிதறிக்கிடக்கும் கேகாலைத் தோட்டங்களுக்கு அத்தகைய பெருந் தமிழ்க் கல்லூரி வாய்க்கவில்லை. அங்கு இன்றும் ஊக்கம் பெரிதும் வகுப்பாசிரியர் ஒருவரையே பொறுத்தது. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அம்மழையைக் கண்ட சிறுவருக்கு ‘மழை’ எனத் தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர், பாடநூல் மழையைக் கேட்கிறாரா, சாமசர மழையைக் கேட்கிறாரா என்பதைத் தாளைக் கையில் வாங்குமுன்னரே பிள்ளை அறிந்துகொள்கிறது.