மதிலுக்குள் பிறந்த மொழிகள்: தொழிலகக் கட்டுப்பாட்டு நெறிமுறைகளின் பாதுகாப்பு வரலாறு

அஸ்தினாபுரத்தை அடுத்த குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி (எம்.ஐ.டி.), தொடக்கத்திலேயே இன்ஸ்ட்ருமென்டேஷனைத் தனிப் பாடப்பிரிவாக வைத்தது. அழுத்தமானி, வால்வு, கம்பி என்று தொடங்கிய அத்துறைக்கு இன்று ஒரு புதுக் கேள்வி வந்திருக்கிறது: கம்பியில் வரும் கட்டளையை அனுப்பியவர் யார்? பழைய நெறிமுறைகள் இதைக் கேட்டதே இல்லை. அதன் காரணத்தையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. எட்டு பைட் கட்டளை

மோடிகான் நிறுவனம், ஆலை எந்திரங்களை இயக்கும் தன் கட்டுப்பாட்டுக் கணினிகளான பிஎல்சிகளுக்காக மோட்பஸ் நெறிமுறையை 1979இல் வெளியிட்டது. ஒரு ரிலேயைப் போடச் சொல்லும் கட்டளை அதில் எட்டே பைட்: 1, 5, 0, 0, 255, 0, 140, 58. முதல் எண் கருவியின் முகவரி. ஐந்து என்றால் 'ஒரு சுவிட்சை மாற்று'. அடுத்த இரு சுழியங்கள் எந்தச் சுவிட்ச் என்பதையும், 255, 0 என்பவை 'போடு' என்பதையும் குறிக்கும். கடைசி இரண்டும் சரிபார்ப்பு எண்கள். மின் இரைச்சலால் வழியில் ஒரு பிட் மாறினாலும் அவை காட்டிக்கொடுத்துவிடும். அனுப்பியவர் அந்நியர் என்றால் அவற்றுக்குத் தெரியாது. சூத்திரம் தெரிந்த எவரும் அந்த 140, 58ஐக் கணக்கிட்டுச் சேர்த்துவிடலாம்.

இதை வடிவமைத்தவர்களின் அசட்டை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கம்பி ஆலை மதிலுக்குள் மட்டுமே ஓடியது. அதைத் தொட நினைப்பவர் வாயிற்காவலரைத் தாண்டியாக வேண்டும்.

2. மதிலைத் தாண்டிய கம்பி

துணைமின் நிலையங்களின் ஆர்டியூக்கள் (தொலைமுனைக் கருவிகள்) மின்சுமைக் கட்டுப்பாட்டு மையங்களோடு பேச நம் மின்துறை பயன்படுத்தும் ஐஇசி 60870-5-101 நெறிமுறையும் (1995) இதே நம்பிக்கையில் பிறந்ததுதான். 2000இல் வந்த 104, அதே செய்திகளை டிசிபி/ஐபி வலையமைப்பில் ஏற்றியது. மோட்பஸும் அவ்வாறே மாறியது. ஊடகம் மாறியது, செய்தி மாறவில்லை. 2016 டிசம்பரில் கீவ் நகரின் ஒரு பகுதியை இருளாக்கிய இண்டஸ்ட்ராயர் தீநிரல், 101, 104 ஆகியவற்றை இலக்கணப் பிழையின்றிப் பேசியது. கருவிகள் கீழ்ப்படிந்தன.

3. கூடங்குளம், 2019

இணைய இணைப்பே இல்லாத இடத்திலும் தீநிரல் நுழையும் என்பதை 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் காட்டியிருந்தது. அது தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவை அடுத்து இந்தியா இருந்ததாக சைமென்டெக் ஆய்வு கூறியது. ஆயினும் 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம், தன் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் நடக்க வாய்ப்பில்லை என்று அறிவித்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே எச்சரித்திருந்தது. தொற்றியது நிர்வாகப் பணிக்கான, இணைய இணைப்புள்ள கணினியில். உலைக்கட்டுப்பாட்டு வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்பது கழகத்தின் விளக்கம். பிரிப்பு காத்தது உண்மையே. ஆனால் பிரிப்பு ஒன்றையே காப்பாக நம்பும் 1979இன் மனநிலை நாற்பது ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை என்பதை அந்த முதல் அறிவிப்பு காட்டுகிறது.

4. பிந்தி வந்த பூட்டு

அனுப்புநரை உறுதிசெய்யும் ஐஇசி 62351 தரநிலைத் தொடர் 2007 முதல் வெளிவரத் தொடங்கியது. டிஎல்எஸ் மறையாக்கம் கொண்ட மோட்பஸ் 2018இல் வந்தது. எனினும் களத்தில் உள்ள பல பழைய ஆர்டியூக்களின் செயலிக்கு மறையாக்கத்தைத் தாங்கும் வலு இல்லை. மாற்றுவதென்றால் ஆலையை நிறுத்த வேண்டும். ஆகவே கருவிக்கு முன்னால் ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. அளவீட்டைப் படிக்கும் மூன்றாம் எண் கட்டளையை அது விடும். ஐந்தாம் எண் வந்தால், அனுமதி பெற்ற கணினியிலிருந்து வந்ததா என்று பார்க்கும்.

மத்திய மின்சார ஆணையம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கட்டுப்பாட்டு அமைப்புகளை இணையம் தொடும் கணினிகளிலிருந்து முற்றாகப் பிரிக்கவும், அத்தகைய கணினியைத் தனி அறையில் வைக்கவும் கூறுகின்றன. இடிந்த மதிலை மீண்டும் எழுப்பும் முயற்சி இது.

5. முடிவு

மதிலும் பெட்டியும் இடைக்கால ஏற்பாடுகளே. ஆர்டியூ ஒன்றை வாங்கினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓட்டுவது வழக்கம். அப்படியானால் இன்றைய டெண்டரில் 62351 என்ற ஒரு வரி விடுபட்டால், அனுப்பியவர் யார் என்று கேட்கத் தெரியாத கருவிக்கே 2040களிலும் நாம் காவல் இருக்க நேரும்.