அந்தமான் தமிழர் குடியமர்வும் இருப்பிடத் தேர்வும்: டெய்ரி ஃபார்ம் பகுதியை முன்வைத்து

‘ஊர்’ என்னும் சொல் பிறந்த இடத்தையும் வாழும் இடத்தையும் ஒருசேரக் குறிப்பது. கடல் கடந்து குடியேறிய தமிழரிடையே இவ்விரு பொருளும் பிரிந்துவிடுகின்றன. ‘ஊருக்குப் போய் வந்தோம்’ என்று அவர்கள் கூறுமிடத்து அது பிறந்த ஊரையே சுட்டும். வாழுமிடத்திற்கு வெறும் இடப்பெயர் மட்டுமே எஞ்சும். அந்தமான் தலைநகரான போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பரில் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது) அவ்வாறு தமிழர் வாழ்வோடு ஒட்டிக்கொண்ட பெயர்களுள் ஒன்று டெய்ரி ஃபார்ம். ஜங்லிகாட் பகுதியை அடுத்துள்ள இக்குடியிருப்பைத் தமிழர் எவ்வாறு தமக்குரிய இடமாகக் கொண்டனர் என்பதை நோக்கும்போது, புதிய நிலத்தில் இருப்பிடம் தேர்வது என்பது உண்மையில் எவற்றைத் தேர்வது என்னும் வினா எழுகிறது.

அந்தமான் அரசியல் எல்லையின்படி அயல்நாடன்று. எனினும் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கி.மீ. கடல்வழியில், கப்பலில் மூன்று நாள் பயணத்தொலைவில் உள்ள அத்தீவு தமிழ் மனத்தில் நெடுங்காலம் ‘தீவாந்தரம்’ என்றே பதிந்திருந்தது. முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டு மாநக்கவாரத்தைக் குறிப்பிடுவதைக் கொண்டு இத்தீவுகளோடு தமிழர்க்குள்ள உறவைச் சோழர் காலத்திலிருந்து தொடங்குவாருளர். அது நிக்கோபாரைச் சுட்டும் படையெடுப்புச் செய்தியே. குடியமர்வு வரலாற்றுக்கு அது பெரிதும் துணைசெய்யாது.

பெயர்கள் கூறும் வரலாறு

1858 மார்ச்சில் ஆங்கில அரசு போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவியது. நகரின் பழைய இடப்பெயர்கள் பல அந்நிருவாகத்தின் கண்ணோட்டத்தைக் காட்டுவன. ஸ்கூல் லைன், நீண்ட வரிசை எனப் பொருள்படும் லம்பா லைன், திருமணத்தைக் குறிக்கும் ‘ஷாதி’ என்னும் சொல்லடியாகப் பிறந்த ஷாதிப்பூர், டெய்ரி ஃபார்ம் ஆகியன யாவும் அவ்விடம் எதற்குப் பயன்பட்டது என்பதையே கூறுகின்றன. எவர் வாழ்ந்தனர் என்பதைக் கூறவில்லை. குடி, சேரி, பாக்கம், பட்டி என மக்களையும் நிலத்தையும் இணைத்துப் பெயரிட்டுப் பழகிய தமிழர், நிருவாகத்தின் பால்பண்ணைக்குரிய பெயரையே தம் முகவரியாக ஏற்றுக்கொண்டது சிந்தித்தற்குரியது.

ஏனைய குழுவினரின் நிலை வேறு. 1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப்பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தென் அந்தமானில் மஞ்சேரி, திரூர், வண்டூர், மண்ணார்க்காடு, கள்ளிக்கோட்டை எனத் தம் சொந்த மண்ணின் பெயர்களையே மீண்டும் நட்டனர். 1925-இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மத்திய அந்தமானில் வெபி என்னும் சிற்றூரைத் தம் மொழியிலேயே அமைத்தனர். கிழக்கு வங்கத்து அகதிகள் குடியேறிய வட அந்தமானில் சுபாஷ்கிராம், காளிகாட் முதலிய பெயர்கள் வழங்குகின்றன. இக்குழுவினர் கூட்டமாக வந்தனர். கூட்டமாக நிலம் பெற்றனர். ஆதலின் ஊர் அமைத்துப் பெயரிட்டனர். தமிழரோ பெரும்பாலும் ஒருவர் பின் ஒருவராக, முன்னரே பெயரிடப்பட்ட நகரப் பகுதிகளுக்குள் வந்து சேர்ந்தனர். பெயரிடும் வாய்ப்பு அவர்களுக்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

அரசு தேர்ந்த இடங்கள்

தண்டனைக் காலத்தில் இருப்பிடத் தேர்வு என்பதற்கே இடமில்லை. சென்னை மாகாணத்துக் கைதிகளும் பிற மாகாணத்தவரும் கலந்தே வைக்கப்பட்டனர். குறிப்பிட்ட காலத்திற்குப்பின் விடுப்புச் சீட்டுப் பெற்று, நிலம் உழுது தாமே பிழைக்க இசைவு பெற்றோரும் நிருவாகம் வரையறுத்த சிற்றூர்களிலேயே வாழ்ந்தனர். மணம்புரிந்து அங்கேயே தங்கியோரின் வழித்தோன்றல்கள் ‘லோக்கல்’ எனப்பட்டனர். அவர்களுக்கு இந்துஸ்தானியே வீட்டுமொழியாயிற்று. அக்கூட்டத்தில் கலந்த தமிழ்க் குடும்பங்களின் மொழி ஓரிரு தலைமுறைகளில் மறைந்ததற்கு மொழிப்பற்றின்மையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. அண்டை வீட்டில் தமிழ் பேசுவார் இல்லாத இடத்தில் அவர்கள் வைக்கப்பட்டனர் என்பதே காரணம்.

1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை நீடித்த ஜப்பானிய ஆட்சிக்குப்பின் தண்டனைக் குடியிருப்பு முறை கைவிடப்பட்டது. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் அரசால் குடியமர்த்தப்பட்டன. தொடக்கத்தில் ஒரு குடும்பத்திற்கு நெல்வயலும் மேட்டுநிலமுமாக ஏறத்தாழ 10 ஏக்கர் வழங்கப்பட்டது. 1950களின் குடியேற்றத் திட்டத்தில் தமிழகத்துக் குடும்பங்கள் சிலவும் இடம்பெற்றன. வங்காளிகளின் எண்ணிக்கையை நோக்க அவை மிகச் சிலவே.

அரசு திட்டமிட்டுத் தமிழரைக் குடியமர்த்திய நிகழ்வுகளுள் கச்சால் தனித்துக் குறிக்கத்தக்கது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தோர் மறுவாழ்வுத் திட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டனர். நீலகிரித் தேயிலைத் தோட்டம், கேரளத்தின் புனலூர் ரப்பர்த் தோட்டம், கருநாடகத்தின் சுள்ளியா ரப்பர்த் தோட்டம், நூற்பாலைகள் என விரிந்த அத்திட்டங்களுள் ஒன்று நிக்கோபார்த் தொகுதியைச் சார்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டம். ‘தாயகம் திரும்பியோர்’ என ஆவணங்களில் குறிக்கப்பட்ட அம்மக்களுள் ஒரு பகுதியினர், ஒரு தீவிலிருந்து புறப்பட்டு அதனினும் சிறிய மற்றொரு தீவில் இறங்கினர். தாயகம் எது என்னும் வினா அவர்களிடம் கேட்கப்படவில்லை. நிக்கோபார்த் தீவுகள் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பழங்குடிப் பகுதியாதலின், வெளியார் விரும்பிய வண்ணம் அங்கு நிலம் பெற இயலாது. பழங்குடியினர் நலம் நோக்க அச்சட்டம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்ட வேலை நிலைக்குமளவே அத்தமிழரின் இருப்பும் நிலைக்கும் என்பது அதன் உடன்விளைவாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாளின் ஆழிப்பேரலையில் மிகக் கடுமையாகத் தாக்குண்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று.

ஆள் தேர்ந்த இடம்

டெய்ரி ஃபார்ம் போன்ற நகரப் பகுதிகளின் கதை இதற்கு மறுதலையானது. 1951-இல் 30,971 ஆக இருந்த தீவுகளின் மக்கள்தொகை 1981-இல் 1,88,741 ஆயிற்று. முப்பது ஆண்டுகளில் ஆறு மடங்கான இப்பெருக்கத்தில் அகதிக் குடியேற்றத்தோடு, வேலை தேடித் தாமே வந்தோரின் பங்கும் பெரிது. பொதுப்பணித்துறை, வனத்துறை, துறைமுகப் பணிகள், 1883-இல் தொடங்கிய சாத்தம் மரஅறுவை ஆலை, கட்டட வேலை, சிறுவணிகம் ஆகியவற்றை நாடித் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து பலர் வந்தனர்.

இவ்வாறு வந்த ஒருவர் தம் இருப்பிடத்தைத் தேர்ந்த முறையை ஓரளவு வகுத்துக் காணலாம். அவர் கையிலிருந்தது நிலப்படமன்று. ஓர் ஆளின் பெயர். முன்னரே வந்து வேலையில் அமர்ந்த உறவினரோ ஊர்க்காரரோ மேஸ்திரியோ இருந்த இடமே முதல் தங்குமிடமாயிற்று. வேலையிடத்துக் கொட்டகை, பின்னர் வாடகை அறை, குடும்பத்தை வரவழைத்தபின் மரப்பலகையும் தகரமும் கொண்டு எழுப்பிய வீடு என்பது பொதுவான படிநிலை. சமூகவியலார் இதனைச் சங்கிலித்தொடர் இடப்பெயர்வு என்பர். கண்டியிலும் பினாங்கிலும் நிகழ்ந்ததும் இதுவே. எனினும் அங்கெல்லாம் தோட்டத்து லயன் முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தது. போர்ட் பிளேயரில் வீட்டையும் வந்தவரே கட்ட வேண்டியிருந்தது.

நிலவியற் காரணங்களும் உண்டு. போர்ட் பிளேயர் மேடும் பள்ளமுமான நகரம், சமநிலம் அரிது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்தும் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு நேரும் நகரமும் அதுவே. சரிவில் வீடு கட்டுவோர் மண் நிற்குமா என்பதையும், நீர் எவ்வளவு தொலைவில் கிடைக்கும் என்பதையும், வேலைக்கு நடந்தே செல்ல இயலுமா என்பதையும் கணக்கிட்டாக வேண்டும். மீன்பிடித் துறையான ஜங்லிகாட்டும் நகரின் கடைத்தெருவான அபர்தீனும் எட்டும் தொலைவில் அமைந்தமை டெய்ரி ஃபார்ம் பகுதிக்குரிய வசதி. ஆயினும் இவையனைத்தும் இரண்டாம் நிலைக் காரணங்களே எனலாம். இதே வசதியுடைய வேறு பகுதிகளும் நகரில் இருந்தன. தமிழ் பேசும் அண்டை வீடு இருந்த இடமே தேர்வை முடிவு செய்தது.

அத்தேர்வின் பயன் மொழியில் வெளிப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களுள் 15.20 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த நிலை தமிழுக்குரியது. தமிழ்வழிக் கல்வி அரசுப் பள்ளிகளில் இடம்பெற்றது. போர்ட் பிளேயர் வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரம் நகரின் பெருவிழாக்களுள் ஒன்றாயிற்று. தண்டனைக் காலத் தமிழர் இழந்த மொழியைப் பின்வந்தோர் காத்துக்கொண்டமைக்கு, அருகருகே வாழும் உரிமை அவர்களுக்கு வாய்த்ததே அடிப்படை.

தேர்வின் விலை

1966-ஆம் ஆண்டு நிலவருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தீவுகளின் நிலம் அனைத்தும் நடுவணரசுக்கு உரியது. தனியார் அதனை அரசின் வழியாகவே குறிப்பிட்ட உரிமைகளோடு பெறலாம். மொத்தப் பரப்பில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது காடெனப் பதிவாகியுள்ள நாட்டில் எஞ்சிய நிலம் எவ்வளவு என்பது சொல்லாமலே விளங்கும். அரசால் குடியமர்த்தப்பட்டவர் கையில் நிலத்துக்கான ஆவணம் இருந்தது. தாமே வந்து தீவுகளின் பல பகுதிகளிலும் அரசு நிலத்தில் குடிசை எழுப்பியவரோ ‘ஆக்கிரமிப்பாளர்’ எனப் பதிவாயினர். பிற்காலத்தில் 1978 எல்லைக்கோடாக வகுக்கப்பட்டு, அதற்கு முற்பட்ட ஆக்கிரமிப்புகளே முறைப்படுத்தற்குரியனவாகக் கொள்ளப்பட்டன. சேகர் சிங் ஆணைய அறிக்கையைத் தொடர்ந்து 2002 மே 7-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, காட்டுநிலத்தில் 1978-க்குப்பின் குடியேறியோரை அகற்றப் பணித்தது. கப்பலேறிய ஆண்டு எதுவென்பது நிலவுரிமையைத் தீர்மானிக்கும் சான்றாயிற்று. வேலைக்கு வந்த கூலியாள் அந்நாளில் அதற்கு ஆவணம் தேடி வைத்திருப்பார் என எதிர்பார்த்தல் அரிது.

இதனினும் நுட்பமானது சமூக அங்கீகாரம். தீவுகளில் பிற்படுத்தப்பட்டோராக அரசு அறிவித்த பிரிவினர் பாந்து, கரேன், மாப்பிள்ளை, 1942-க்கு முற்பட்ட ‘லோக்கல்’ மக்கள், கிழக்கு வங்கத்துக் குடியேறிகள் ஆகிய ஐவர். ஐவருமே அரசால் கொண்டுவரப்பட்டோர் அல்லது அவர்தம் வழியினர் என்பது கருதத்தக்கது. இப்பட்டியலின்படி, கைதியாக வந்து தமிழை மறந்த ஒருவரின் கொள்ளுப்பேரன் தீவின் மகனாக ஏற்கப்படுகிறான். 1950களில் கூலி வேலைக்கு வந்து, டெய்ரி ஃபார்ம் போன்றதொரு பகுதியில் தம் கையால் வீடு கட்டி வாழ்ந்தவரின் பேரன் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறான்.