நிலப் பாதுகாப்புப் பத்திரமும் மாணவர் கூட்டுப் பயிற்சியும்

நிலப் பாதுகாப்புப் பத்திரம் என்பது, தனியார் நிலத்தின் இயற்கை வளத்தைக் காப்பதற்காக உரிமையாளர் சில பயன்பாட்டு உரிமைகளை நிரந்தரமாகத் துறந்து எழுதித் தரும் பதிவு ஆவணம். அமெரிக்காவில் இது பரவலாக வழங்குகிறது. நிலம் உரிமையாளரிடமே இருக்கும். விற்கலாம், வாரிசுக்கும் கொடுக்கலாம். மனை பிரித்தல், சுரங்கம் தோண்டுதல் போன்றவை மட்டும் தடுக்கப்படும். தடை மீறப்படாமல் நில அறக்கட்டளையோ அரசு அமைப்போ கண்காணிக்கும். சட்டமும் சூழலியலும் சந்திக்கும் இப்பணி, இரு துறை மாணவர்களும் சேர்ந்து பயிலத்தக்க களமாகும்.

சட்டப் பின்னணி
அமெரிக்க நில அறக்கட்டளைகளின் முன்னோடி 1891இல் மாசசூசெட்சில் தோன்றியது. நிரந்தரப் பத்திரங்களுக்கான வரிச்சலுகையை 1980ஆம் ஆண்டுச் சட்டம் நிலைப்படுத்தியது. மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் 1981இல் வெளிவந்தது; ஜார்ஜியா மாநிலம் 1992இல் அதை ஏற்றது.

பணிப் பங்கீடு
மூலப்பத்திரம், வில்லங்கம், அடமானம், கனிம உரிமை ஆகியவற்றை ஆராய்ந்து தடை விதிகளை எழுதுவது சட்டத் துறையின் பணி. ஓடை, சதுப்பு, மண், தாவரம், விலங்கு ஆகியவற்றை வரைபடங்களாலும் ஒளிப்படங்களாலும் பதிந்து, நிலத்தின் தொடக்கநிலை அறிக்கையை அமைப்பது சூழலியல் துறையின் பணி. பிற்காலத்தில் விதி மீறப்பட்டதா என்று தீர்மானிக்க அந்த அறிக்கையே சான்றாகும்.

இணைப்பின் தேவை
ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த நீளிலைப் பைன் காடுகளில் இன்று சிறு பங்கே எஞ்சியுள்ளது. இக்காட்டுக்கு அவ்வப்போது தரைத்தீ தேவை. தீ இல்லையேல் அகன்ற இலை மரங்கள் நெருங்கி வளர்ந்து, பைன் நாற்றுகளையும் வளைதோண்டும் கோபர் ஆமைக்கு உணவாகும் புல்லையும் ஒடுக்கிவிடும். ‘மரம் வெட்டக் கூடாது, தீ வைக்கக் கூடாது’ என்று நல்லெண்ணத்தோடு எழுதும் விதியே இக்காட்டை அழித்துவிடும். கட்டுப்படுத்திய எரிப்புக்குப் பத்திரத்தில் இடம் வேண்டும் என்பதைச் சூழலியல் மாணவர் எடுத்துரைக்க, நீதிமன்றத்தில் நிற்கும் சொற்களில் சட்ட மாணவர் அதை வடிப்பார்.

ஜார்ஜியா பல்கலைக்கழகம்
ஏதென்ஸ் நகரிலுள்ள இப்பல்கலைக்கழகத்தில், இரு துறை மாணவர்களும் உண்மையான சுற்றுச்சூழல் சிக்கல்களில் சேர்ந்து பணியாற்றும் செயல்முறைப் பயிற்சி உண்டு. சூழல் மண்டலக் கருத்தைப் பரப்பிய யூஜீன் ஓடம் பணியாற்றிய இடம் இது. அவர் பெயரிலான சூழலியல் கல்லூரி 2007இல் உருவானது.

மதிப்பீடு
இப்பத்திரம் எழுதியவரின் வாழ்நாளுக்குப் பின்னும் நிலத்தைக் கட்டுப்படுத்துவது. அதில் நேரும் பிழையும் தலைமுறைகளுக்கு நீடிக்கும். ஆகவே இரு துறையினரும் மாணவப் பருவத்திலேயே சேர்ந்து பயில்வது நிலப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது.