இப்னு பதூதாவின் வழித்துணைகள்

மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்த பயணி இப்னு பதூதா, 1344-இல் மாலத்தீவிலிருந்து வந்து இலங்கையின் புத்தளத்தில் கரையிறங்கினார். யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை மூன்று நாள்கள் உபசரித்தார். பயணி வேண்டியது ஒன்றே: ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு உள்ளதாகக் கருதப்படும் மலையைக் காண வேண்டும்.

மன்னர் பல்லக்கு அளித்து, 4 யோகியர், 3 பிராமணர், அவையினர் 10 பேர், உணவு சுமப்போர் 15 பேரை உடன் அனுப்பினார். மலையேறியபின் தேவிநுவர, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார்.

முஸ்லிம் ஃபகீர்களுக்கு அந்நாட்டின் பிற சமயத்தார் தம் இல்லங்களில் இடமும் உணவும் அளித்ததை அவர் மறவாமல் பதிவு செய்தார். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது நபிமொழி தரும் பாடம். நம் பிள்ளைகளுக்கு இப்பயணத்தைக் கூறும்போது, மலையோடு அந்த வழித்துணைகளையும் சேர்த்தே கூறுவோமாக!