நுகத்தாணி காட்டிய வணிக அறம்

வணிகத்துக்கும் அறத்துக்கும் உறவு உண்டோ என வினவுவார் உளர். பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் அதற்கு உழவனின் நுகத்தைக் காட்டி விடை பகர்ந்தார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, கரிகாற்சோழனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுவது. அந்நகர வணிகரின் நெஞ்சுக்கு, நுகத்தின் நடுவே தைத்த பகலாணி அங்கே உவமையாகிறது. ஆணி விலகின் ஓர் எருதின் கழுத்தில் சுமை மிகும்; தராசு சாயின் ஏழை நலிவான். அவ்வணிகரோ பழிக்கு அஞ்சினர், மெய் பேசினர், வாங்குங்கால் மிகையும் விற்குங்கால் குறையும் செய்திலர். "நடுவுநிலை" என்னும் சொல்லின் உட்பொருள் இதுவே. திருவள்ளுவரும் வணிகருக்குரிய 120ஆம் குறளை நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வைத்தார். பிறர் பொருளையும் தம்முடையதுபோற் பேணுக என்பது அதன் கருத்து.

உருத்திரபுரத்து உழவன், இரணைமடு நீரில் விளைந்த நெல்லை, கடன் நெருக்கும் அறுவடைக் காலத்தில் விற்க நேரும்போது விலை பேசும் வலிமை அவனிடம் குன்றியிருக்கும். வாங்குவோனின் நடுவுநிலைக்கு அதுவே உரைகல். உழவு இயந்திரம் வந்தபின் நுகம் பரணேறியது; அதன் ஆணி கற்பித்த அறமும் பரணேறலாகாது.